மாத்திரை கிடைக்கிறது, சுகர் ஏன் இறங்கவில்லை? ஆரம்ப சுகாதார நிலையங்களின் பணிச்சூழலும் நீரிழிவும்

தமிழ்நாட்டின் ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், சுகர், பிரஷர் நோயாளிகள் வரும் நாளில் போய் உட்கார்ந்தால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஐம்பதைத் தாண்டிய ஒருவர், முனை மடங்கிய நோட்டை நீட்டுகிறார். நர்ஸ் அவர் விரல் நுனியில் குத்தி, குளுக்கோமீட்டரில் வந்த எண்ணை நோட்டில் எழுதுகிறார்: 280. அதற்கு மேல் வரியில் போன மாத எண்: 265. அதற்கும் மேலே 290. மூன்று மாதமாக மாத்திரை மட்டும் மாறவே இல்லை. மெட்ஃபார்மின், காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

நர்ஸ் இதைக் கவனிக்கிறார். மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும் அல்லது இன்னொரு மாத்திரை சேர்க்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் டாக்டர் அறைக்கு வெளியே இன்னும் நாற்பது பேர் நிற்கிறார்கள். நோட்டு உள்ளே போகிறது, 'ரிப்பீட்' என்ற ஒரு வார்த்தையோடு வெளியே வருகிறது. "சார், இவருக்கு மூணு மாசமா இறங்கவே இல்லை" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். நர்ஸ் ஏன் சொல்லவில்லை?

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் அந்த மனிதரின் கால் விரல் தப்புமா, சிறுநீரகம் இன்னும் பத்து வருஷம் ஓடுமா என்பது பல நேரங்களில் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

மாத்திரை இலவசம், பரிசோதனை இலவசம். அப்புறம்?

ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு முடிவுகள் 2023ல் வெளிவந்தபோது, இந்தியாவில் 10.1 கோடி பேர் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேர். கிட்டத்தட்ட ஏழு பேருக்கு ஒருவர். இந்த எண்ணை நாம் பலமுறை கேட்டுவிட்டோம். அதிகம் பேசப்படாத எண் வேறு ஒன்று இருக்கிறது. 2020ல் தமிழ்நாட்டில் நடந்த 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில், நீரிழிவு உள்ளவர்களில் சர்க்கரை அளவு கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம் மட்டுமே.

இந்த நிலையில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருந்து தேர்வான பெண் தன்னார்வலர்கள் குளுக்கோமீட்டரும் பிரஷர் கருவியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருகிறார்கள், மாத்திரையையும் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். 2024ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. 2023-24ல் மறுபடியும் ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு நடந்தபோது, கட்டுக்குள் இருந்தவர்கள் 16.7 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். முன்னேற்றம்தான், மறுக்க முடியாது. ஆனால் இன்னொரு பக்கம் திருப்பிப் பார்த்தால், ஆறு பேரில் ஐந்து பேருக்கு இன்னும் சுகர் கட்டுக்குள் இல்லை.

இதற்கு வழக்கமாக வரும் பதில் எல்லோருக்கும் தெரியும். "சனங்க வாயைக் கட்டறதில்லை." மூன்று வேளையும் அரிசி, நாலு டீ, நடை இல்லை, மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுவது. எல்லாமே ஓரளவு உண்மை. ஆனால் மாதாமாதம் தவறாமல் வந்து, மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டு, அப்படியும் 280ல் நிற்கும் மனிதருக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர் விஷயத்தில் தன் வேலையைச் செய்யாமல் விட்டது கிளினிக்தான்.

சர்க்கரை இறங்காதபோதும் சிகிச்சையை அடுத்த படிக்குக் கொண்டுபோகாமல் அப்படியே விட்டுவிடுவதை மருத்துவ உலகில் 'கிளினிக்கல் இனர்ஷியா' என்கிறார்கள். 2001ல் அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரை இந்தப் பெயரைப் பரவலாக்கியது. சும்மா நின்று போன வண்டி மாதிரி, யாராவது தள்ளினால்தான் நகரும். டாக்டருக்குத் தெரியாததால் இது நடப்பதில்லை. தெரிந்தும் நடக்கிறது. அதனால்தான் பிரச்சினையை மருந்துப் புத்தகத்துக்கு வெளியே தேட வேண்டியிருக்கிறது.

60 கிளினிக்குகள் சொன்னது

இங்கிலாந்தில் ஸ்டீபன் கேம்ப்பெல் தலைமையிலான குழு ஒன்று, 60 பொதுமருத்துவ கிளினிக்குகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்தது. 2001ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது வெளியானது. எந்த மாதிரி கிளினிக்கில் நல்ல சிகிச்சை கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு நோயாளிக்கு 5 நிமிடம் ஒதுக்கும் இடங்களைவிட 10 நிமிடம் ஒதுக்கும் இடங்களில் நாள்பட்ட நோய்களுக்கான சிகிச்சை மேலாக இருந்தது. இது யாரும் ஊகிக்கக் கூடியதுதான். கவனிக்க வேண்டியது அடுத்தது. நீரிழிவு சிகிச்சையின் தரம், பெரிய கிளினிக்குகளிலும், 'டீம் கிளைமேட்' நன்றாக இருப்பதாக ஊழியர்களே சொன்ன கிளினிக்குகளிலும் அதிகமாக இருந்தது.

அதென்ன டீம் கிளைமேட்? நாம் வேலை பார்க்கும் ஆபீஸை வைத்தே புரிந்துகொள்ளலாம். புதிதாகச் சேர்ந்தவர் மீட்டிங்கில் ஒரு தவறைச் சுட்டிக் காட்டினால் மேனேஜர் நன்றி சொல்வாரா, முறைப்பாரா? எதற்காக இந்த வேலையைச் செய்கிறோம் என்று எல்லோருக்கும் ஒரே புரிதல் இருக்கிறதா? ஒருவர் லீவு போட்டால் அவர் வேலையை இன்னொருவர் எடுத்துக்கொள்வாரா, அல்லது "அது என் வேலை இல்லை" என்று கோப்பு மேஜையிலேயே கிடக்குமா? இவற்றின் கூட்டுத்தொகைதான்.

நீரிழிவுக்கு ஏன் இது இவ்வளவு முக்கியம் என்றால், இந்த நோயை ஒரே ஆள் பார்த்துக்கொள்ள முடியாது. காய்ச்சல் என்றால் டாக்டர் பார்த்தார், மருந்து எழுதினார், முடிந்தது. சுகருக்கு அப்படி இல்லை. லேபில் ரத்தம் எடுப்பவர், எண்ணை எழுதும் நர்ஸ், மருந்து கொடுக்கும் ஃபார்மசிஸ்ட், வீட்டுக்குப் போகும் தன்னார்வலர், டாக்டர் என்று ஐந்து பேர் கை மாறுகிறது. ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவர் காதுக்குப் போகவில்லை என்றால் நோட்டில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 10 நீரிழிவு கிளினிக்குகளில், 1,146 நோயாளிகளை வைத்து நடந்த 'கேர்ஸ்' ஆய்வின் முடிவு 2016ல் வந்தது. எல்லோருமே சுகர் கட்டுக்குள் இல்லாதவர்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு இரண்டு விஷயங்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன: டாக்டர் அல்லாத ஓர் ஒருங்கிணைப்பாளர், அடுத்து என்ன செய்யலாம் என்று டாக்டருக்கு நினைவூட்டும் கணினிப் பதிவேடு. சுமார் இரண்டேகால் வருடம் கழித்துப் பார்த்தால், சுகரோடு சேர்த்து ரத்த அழுத்தம் அல்லது கெட்ட கொழுப்பும் இலக்குக்குள் வந்தவர்கள் வழக்கமான பிரிவில் 8.1 சதவீதம், கூடுதல் கவனிப்புப் பிரிவில் 18.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்.

அவை சிறப்பு கிளினிக்குகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிடையாது. அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. ஆனாலும் ஒன்று தெளிவு. புது மருந்து எதுவும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. "சார், இவருக்கு இறங்கவே இல்லை" என்று சொல்வதையே வேலையாக வைத்திருந்த ஓர் ஆள் இருந்தார். அவர் சொன்னால் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது.

திட்டு இறங்கும் பாதை

இப்போது நம் ஊர் நிலையத்துக்குத் திரும்புவோம்.

மாவட்ட சுகாதார அலுவலரின் ரிவ்யூ மீட்டிங். எந்த வட்டாரம் இந்த மாதம் எத்தனை பேரைப் பரிசோதித்தது, எத்தனை பேரைப் புதிதாகக் கண்டுபிடித்தது, ஆப்பில் எத்தனை பதிவு என்று எண்கள் திரையில் ஓடும். எண் குறைந்த வட்டாரத்தின் மருத்துவ அலுவலர் எழுந்து நிற்க வேண்டும். அவர் ஊர் திரும்பியதும் அதே கேள்வி நர்ஸிடம் வரும். நர்ஸிடம் இருந்து வாட்ஸ்அப்பில் தன்னார்வலருக்குப் போகும். தன்னார்வலர் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குவார். கடைசியில் திட்டு வாங்குவது யார்? "போன மாசமே சொன்னேன்ல, ஏன் இன்னும் டீயில சக்கரை போடறீங்க? இப்படியே போனா காலை எடுக்க வேண்டியதுதான்" என்று நோயாளி.

திட்டு வாங்கிய நோயாளி என்ன செய்வார்? சிலர் பயந்து திருந்தலாம். பலர் அடுத்த மாதம் வரமாட்டார்கள். வருபவர்களில் சிலர் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு வருவார்கள். மாத்திரையை விட்டுவிட்டாலும் "கரெக்டா போடறேன் சிஸ்டர்" என்பார்கள். அந்தப் பொய்யை நம்பி எழுதப்படும் மருந்து எப்படிச் சரியாக இருக்கும்? மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை இந்த மறைத்தலைப் பிடித்துவிடும். அது எல்லா நிலையத்திலும் எளிதில் கிடைப்பதில்லை.

ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. நன்றாக ஒத்துழைத்து வேலை செய்யும் வார்டுகளில்தான் தவறுகளின் எண்ணிக்கை அதிகமாகப் பதிவாகியிருந்தது. காரணம் எளிது. அங்கே தவறுகளை வெளியே சொல்லப் பயம் இல்லை. பயம் இருந்த வார்டுகளில் தவறு நடக்காமல் இல்லை, சொல்லப்படாமல் இருந்தது. ஐடி கம்பெனிகளின் ஹெச்ஆர் ஸ்லைடுகளில் இன்று தேய்ந்து போயிருக்கும் 'சைக்கலாஜிக்கல் சேஃப்டி' என்ற வார்த்தையை 1999ல் அவர் எழுதிய கட்டுரைதான் பிரபலமாக்கியது. ஸ்லைடில் அலுப்பூட்டும் அந்த வார்த்தை, ஒரு சுகர் கிளினிக்கில் ஒருவருடைய பாதத்தைக் காப்பாற்றலாம்.

பாதம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது பாதத்தைப் பரிசோதிக்க வேண்டும். உணர்ச்சி குறைந்திருக்கிறதா, வெடிப்பு, புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நைலான் இழையை வைத்துத் தொட்டுப் பார்த்தாலே நிறையத் தெரிந்துவிடும். நம் ஊரில் பல இடங்களில் நோயாளிகள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். பாதம் திறந்தே இருக்கிறது. குனிந்து பார்ப்பது யாருடைய வேலை என்று மட்டும் யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள்.

லேபும் அப்படித்தான். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் வர வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா ஒருவர் காலை ஏழரைக்கே வந்து நிற்கிறார். லேப் திறக்க ஒன்பதரை ஆகிறது. அடுத்த மாதம் அவர் இட்லி சாப்பிட்டுவிட்டு, முடிந்தபோது வருவார். நோட்டில் 'ரேண்டம்' என்று ஓர் எண் ஏறும். எப்போது சாப்பிட்டது என்று தெரியாத அந்த எண்ணை வைத்து மருந்தைக் கூட்ட எந்த டாக்டரும் தயங்கத்தான் செய்வார். ஒருவர் அரை மணி நேரம் முன்னால் வரும்படி ஷிப்டை மாற்றினால் தீரும் விஷயம். அதைக் கேட்க ஒரு மீட்டிங்கும், கேட்டால் கோபித்துக்கொள்ளாத ஒரு மேலதிகாரியும் வேண்டும்.

"ஆளே இல்லை, கலாச்சாரம் பேசறீங்களா?"

நியாயமான கோபம். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017ல் வந்த ஓர் ஆய்வில், இந்தியாவில் ஆரம்ப சிகிச்சையில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 2 நிமிடம் என்று இருந்தது. ஸ்வீடனில் 22.5 நிமிடம். இரண்டு நிமிடத்தில் நோட்டைத் திறந்து மூடத்தான் முடியும். ஆளைக் கூட்டாமல் 'டீம் ஸ்பிரிட்' பயிற்சி வகுப்பு நடத்துவது, சோறு போடாமல் இலை விரிப்பது மாதிரி.

வேலை பார்ப்பவர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். மருத்துவத் தேர்வு வாரியம் வழியாக ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்ட செவிலியர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். அப்போது அவர்களின் மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். ஊதியம் பிறகு உயர்ந்தது, ஆனாலும் ஒப்பந்த வேலை என்ற ஏற்பாடு இன்னும் தொடர்கிறது. வீடு தேடி வரும் 'எம்டிஎம் அக்கா'வுக்குக் கிடைப்பதற்குச் சம்பளம் என்ற பெயர்கூட இல்லை. ஊக்கத்தொகைதான். 4,500 ரூபாயில் தொடங்கி 5,500 ஆனது.

பணிச்சூழல் என்பதும் இதுவும் வேறு வேறு விஷயங்கள் கிடையாது. ஒப்பந்தம் அடுத்த வருடம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத ஒரு நர்ஸ், டாக்டரின் கையெழுத்தைக் கேள்வி கேட்பாரா? அந்த டாக்டரும் பெரும்பாலும் இளைஞர். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மேற்படிப்பில் இட ஒதுக்கீடு உண்டு என்பதால் இரண்டு, மூன்று வருடத்தில் எம்.டி. படிக்கப் போய்விடக் கூடும். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நீரிழிவு என்பது இருபது, முப்பது வருட உறவு. இந்த நோயாளியை ஐந்து வருடமாகத் தெரிந்த ஒரே ஆள் அந்த நிலையத்தில் நர்ஸாகவோ, தன்னார்வலராகவோதான் இருப்பார். அதிகம் தெரிந்தவருக்கு அதிகாரம் குறைவு, அதிகாரம் உள்ளவருக்கு நோயாளியைப் பழக்கமில்லை. சிக்கலின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

ஆள் பற்றாக்குறையைச் சொல்லி இதை ஒத்திப்போடவும் முடியாது. ஒரே மாதிரி கூட்டம், ஒரே மருந்துப் பட்டியல், ஒரே எண்ணிக்கையில் ஊழியர்கள் இருக்கும் இரண்டு நிலையங்கள், இரண்டு விதமாக ஓடுவதைச் சுகாதாரத் துறையில் வேலை பார்க்கும் யாரும் சொல்வார்கள்.

எதை எண்ணுகிறோம்?

மத்திய அரசு 2023ல், 2025 முடிவதற்குள் உயர் ரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ள 7.5 கோடி பேரைத் தரமான சிகிச்சைக்குள் கொண்டு வருவோம் என்று இலக்கு வைத்தது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2024ல் 2 கோடிப் பயனாளிகளைத் தொட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரிய எண்களுக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. செய்தியாளர்களுக்கும்தான், தலைப்புக்கு அவை வசதி. ஆனால் ரிவ்யூ மீட்டிங்கில் 'எத்தனை பேரைப் பார்த்தீர்கள்' என்று மட்டும் கேட்டால், ஊழியர்கள் அதை மட்டும்தான் செய்வார்கள். 'பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இறங்கியது, இறங்காதவர்களுக்கு என்ன மாற்றினீர்கள்' என்பதே முதல் கேள்வியாக வர வேண்டும். அதைத் திட்டுவதற்காகக் கேட்டால் எண்கள் அழகாகிவிடும், சுகர் இறங்காது. எங்கே தடை என்று தெரிந்துகொள்ளக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, நர்ஸின் வாய்க்கு எழுத்தில் ஓர் அங்கீகாரம். 2017ல் ஐந்து மாநிலங்களில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில், எந்த அளவுக்கு எந்த மாத்திரை, இறங்கவில்லை என்றால் அடுத்த படி என்ன என்பதை எளிய நெறிமுறையாக எழுதி வைத்தார்கள். சிகிச்சையைக் குழுவாகப் பகிர்ந்துகொள்வதும் அந்த முயற்சியின் தூண்களில் ஒன்று. சுகருக்கும் அதேபோல் சுவரில் ஒரு தாள் இருந்தால், "சார், இவருக்கு அடுத்த ஸ்டெப் வருது" என்று நர்ஸ் சொல்வது டாக்டரைக் கேள்வி கேட்பதாக இருக்காது. தாளைப் படிப்பதாக இருக்கும். நம் ஊர் அதிகாரப் படிக்கட்டில் இந்த வித்தியாசம் சின்னது கிடையாது.

மூன்றாவது, வாரத்தில் பதினைந்து நிமிடம். டாக்டர், நர்ஸ், லேப், ஃபார்மசி, தன்னார்வலர் எல்லோரும் ஒரே மேஜையில். பேசவேண்டியது ஒன்றே ஒன்று: கட்டுக்குள் வராத பத்துப் பேரின் நோட்டு. "அவருக்கு மாத்திரை பிரச்சினை இல்ல சார், சம்சாரம் போயிட்டதுல இருந்து ஓட்டல் சாப்பாடுதான்" என்று சொல்லத் தெரிந்தவர் தன்னார்வலர் அக்காதான். அந்த மேஜையில் இன்று அவருக்கு நாற்காலி இல்லை. நாற்காலி போட நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒப்பந்த நர்ஸ்களின் பணி நிரந்தரத்துக்கும் தன்னார்வலரின் கண்ணியமான ஊதியத்துக்கும் தேவை. அதை அரசு தள்ளிப்போடக் கூடாது.

இதைப் படிக்கும் பலருக்கு ஊரில் அப்பாவோ அம்மாவோ இந்த வரிசையில் நிற்பவராக இருக்கலாம். அடுத்த முறை போகும்போது அவர்களின் சுகர் நோட்டைப் புரட்டி, கடைசி மூன்று எண்களையும் அவற்றுக்கு எதிரே எழுதிய மாத்திரையையும் பாருங்கள். எண் 200க்கு மேலேயே நின்று, மாத்திரை மாறாமல் இருந்தால், ஒருநாள் லீவு போட்டுக்கூடப் போய் நர்ஸிடம் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். சண்டை போட வேண்டாம். "சிஸ்டர், இதை டாக்டர்கிட்ட நாம சேர்ந்து கேட்கலாமா?" என்று மட்டும் கேளுங்கள்.